தரை ஆடினா உங்க வீட்ல முதல்ல என்ன செய்வாங்க? (கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு)

மாரிகுப்பம்_பையன் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் பெங்களூரில் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்காகப் பாறைக்கு வெடி வைத்தார்கள். மேசை மேலிருந்த டம்ளர் லேசாக ஆடியது. கூட இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் சுவரில் மணி பார்த்தேன்.

ஏன் மணி பார்த்தேன் என்று அப்போது பிடிபடவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் விளங்கியது. அம்மா அப்படித்தான் செய்வார். தரை அதிர்ந்தால் முதலில் கடிகாரம். நைனா (அப்பா) இப்போது சுரங்கத்தில் கீழே இருக்கிறாரா, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டில் ஏறியிருப்பாரா, மேலே வந்து டீ குடித்துக்கொண்டிருப்பாரா என்று அந்த ஒரு பார்வையில் கணக்குப் போட்டுவிடுவார். அதற்கப்புறம்தான் அடுப்பு, பிள்ளைகள், கதவு எல்லாம்.

மைன்ஸ் மூடி இத்தனை வருஷம் ஆகிறது. 2001 பிப்ரவரி 28-ல் மூடும்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஊரை விட்டு வந்தும் பாதி ஆயுசு போய்விட்டது. ஆனாலும் உடம்பு மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் ஏர்பிளாஸ்ட் வந்தால் என்ன செய்வார்கள்? எந்த லைன் (தொழிலாளர் வரிசை வீடுகள்), எந்த ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் குழி) என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

---

எட்கர்_ஷாஃப்ட்

எங்க ஆயா விளக்குமாத்த கீழ போட்டுட்டு வாசல்ல வந்து நிக்கும். பேசாது. லைன்ல எல்லா வாசல்லயும் ஒரு பொம்பள நிப்பாங்க. யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. அந்தப் பத்து நிமிஷம் குழா தண்ணிகூட தொறந்தது தொறந்தபடி ஓடிகினு இருக்கும். அப்புறம் யாராவது ஒருத்தர் சைக்கிள்ல வந்து "சாம்பியன்ல", இல்லனா "நந்திதுர்க்கம்"னு சுரங்கத்து பேர மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவாரு. நம்ம ஷாஃப்ட் இல்லன்னா ஆயா உள்ள போயி மறுபடி பெருக்கும். ஆனா அன்னிக்கி ராத்திரி சோறு சரியா எறங்காது. வேற யாரோ ஒரு வீடு இருக்குல்ல.

---

நைனாவோட_பொண்ணு

வெளியூர்க்காரர்கள் இந்த இழையைப் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். ஏர்பிளாஸ்ட் என்றால் நாங்களாக வைக்கும் வெடி இல்லை. அது வேளை தவறாமல் வைப்பது, மேலே பெரிதாகத் தெரியாது. இது பாறை தானாக வெடிப்பது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் பாரம் முழுவதும் சுற்றுச் சுவரில் இறங்கும். நடுவில் கல்லை வெட்டி எடுத்துக் குகையாக்கினால் அந்தப் பாரம் ஓரங்களில் போய்ச் சேரும். தாங்கும் வரை தாங்கி, ஒரு நாள் சொல்லாமல் தெறிக்கும். கீழே இருப்பவருக்குத் துப்பாக்கிச் சத்தம்போல இருக்கும் என்பார் என் நைனா. மேலே இருக்கும் எங்களுக்கு வயிற்றில் யாரோ கை வைத்து அழுத்தியது மாதிரி. பெரிதாக வந்தால் சுவரில் விரிசல் விடும்.

கீழே சூடும் அப்படித்தான். ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். நைனா வேலை முடிந்து வந்தால் முதல் அரை மணி நேரம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வெயில் அடிக்கிற திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். அவ்வளவு சூட்டிலிருந்து வந்தவர் ஏன் வெயிலில் உட்காருகிறார் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "இது வேற சூடு பாப்பா" என்றார்.

எங்கள் வீட்டில் மணி பார்க்கும் வழக்கம் இல்லை, கடிகாரமே இல்லை. மைன்ஸில் ஊதும் சங்குதான் கடிகாரம். அம்மா சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் அகல் விளக்கை ஏற்றிவிடுவார், பகலாக இருந்தாலும். நைனா வீட்டுக்குள் கால் வைத்தபின்தான் அது அணையும்.

---

கோரமண்டல்_கோபி

எங்க வீட்லயும் மணிதான். அச்சு அசல் இதேதான். படிச்சுட்டு என் தங்கச்சிக்கு அனுப்பினேன், அவ போன் பண்ணி அழுதா.

---

பங்களாத்_தெரு

என் அப்பா அலுவலகப் பிரிவில் இருந்தார், அதனால் ஓடு வேய்ந்த பங்களா ஒன்றில் வளர்ந்தேன். எனக்கு நினைவிருப்பது டிசம்பர் மாதம்தான். அந்த உயரத்துக்கு நல்ல குளிர். வேலியெல்லாம் காகிதப்பூ, உள்ளே ரோஜா. கிளப்பில் பேண்டு வாசிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், ஆனால் அவர்கள் விட்டுப்போன கேக் செய்முறை சமையல்காரர்களிடம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே உலர்ந்த திராட்சையை ஊறப் போட்டுவிடுவார்கள். சாம்பியன் ரீஃப்ஸ் மாதா கோவில் மணி எங்கள் தெரு வரை கேட்கும்.

இந்தியாவில் பெரும்பாலான ஊர்களில் இல்லாத காலத்திலேயே எங்களூரில் மின்சாரம் இருந்தது என்பதில் அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. 1902-ல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் போனது. விளக்குகள் வரிசையாக எரிகிற சாலையில் அப்பாவின் கையைப் பிடித்து நடந்தது இன்னும் கனவில் வருகிறது. அழகான ஊர் நம்முடையது.

---

பழைய_லைன்

தங்கச்சி, நீ எழுதுனதுல ஒண்ணும் பொய் இல்ல. எனக்கு 76 வயசு. நானும் அதே ஊர்தான். ஆனா இந்த மின்சாரக் கதைய மட்டும் நிறுத்தி நிதானமாச் சொல்லணும், அதான் எழுதறேன். பேத்தி டைப் பண்றா.

1902-ல கரண்டு வந்துச்சு. மில்லுக்கு வந்துச்சு, கூண்டு இழுக்கற மோட்டாருக்கு வந்துச்சு, பங்களாவுக்கு வந்துச்சு. எங்க லைனுக்கு வரல. நான் படிச்சது மண்ணெண்ணெய் வெளக்குலதான். என் தாத்தா இருந்த வீடு மூங்கில் தட்டியும் தகரமும். ஒரே ரூம்பு. வாசல் எவ்ளோ சின்னதுன்னா, குனிஞ்சுதான் உள்ள போகணும். நைட் ஷிப்டு முடிச்சு வந்தவன் பகல்ல தூங்கணும், அதே ரூம்புல புள்ளைங்க, அதே ரூம்புல அடுப்பு. நாங்க பகல் முச்சூடும் வெளியதான் கெடப்போம். லைன் மொத்தத்துக்கும் குழா ஒண்ணு. பேத்தமங்கலத்துத் தண்ணி, நல்ல தண்ணி, கொற சொல்ல மாட்டேன். ஆனா நாலு மணிக்கே கொடம் வரிசைல ஒக்காந்திருக்கும். கக்கூஸ் பொதுக் கக்கூஸ். அதுக்கும் வரிசை.

எங்க ஜனம் வட ஆற்காடு, சேலம், தருமபுரி பக்கத்துலருந்து வந்தவங்க. பஞ்சத்துல வந்தாங்க, சாதிக் கொடுமைல வந்தாங்க. ஊர்ல செருப்பு போட முடியாதவன் இங்க வந்து பூட்ஸ் போட்டான். அதையும் சொல்லணும். எவனும் வந்து "எந்தத் தெரு"ன்னு கேக்காத ஊரு இது. அயோத்திதாசப் பண்டிதர் காலத்துலயே மாரிகுப்பத்துல பௌத்த சங்கம் இருந்துது. 1954-ல அம்பேத்கர் வந்தாரு. எங்கப்பா தோள்மேல நான் ஒக்காந்து பாத்தேனாம், எனக்கு நெனப்பு இல்ல, அவுரு சொல்லிக் கேட்டதுதான்.

எங்க பாட்டி சொல்ற கத 1930-ல நடந்தது. எல்லாரும் கைரேக வெக்கணும்னு சட்டம் வந்துச்சு. "நாங்க திருடனுங்களா?"ன்னு கேட்டு ஒருத்தரும் கீழ எறங்கல. 21 நாள். எத்தினியோ குடும்பம் மூட்டைய கட்டிகினு சொந்த ஊருக்கே நடந்துட்டாங்க. பாட்டியும் நடந்துச்சு, எங்கப்பன இடுப்புல வெச்சிகினு.

ஏர்பிளாஸ்ட் பத்தி கேட்டியே தம்பி. நாங்க ஷாஃப்டுக்கே ஓடுவோம். வீட்ல நின்னா பைத்தியம் புடிச்சுரும். கூண்டு ஒவ்வொரு தரம் மேல வரும்போதும் எண்ணுவோம்.

---

எட்கர்_ஷாஃப்ட்

தாத்தா, "கூண்டு வரும்போதும் எண்ணுவோம்"ன்னு நீங்க எழுதினதப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எழுந்து வெளிய போயிட்டேன். எங்க மாமா ஒருத்தரு வர்ல. அதுக்கு மேல இங்க எழுத முடியாது.

---

பங்களாத்_தெரு

ஐயா, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். என்னை மறுத்து எழுதினீர்கள் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா லைனிலிருந்து வருவார். எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். மதியம் எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். தரை அதிர்ந்தது. கையில் பிசைந்த உருண்டையோடு எழுந்தவர், அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தோட்டத்தின் குறுக்கே ஓடினார். ரோஜாச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடினார். நான் வீறிட்டு அழுதேன், பாதிச் சோற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று. சாயங்காலம் திரும்பி வந்தார். வீட்டுக்காரர் பத்திரமாக இருக்கிறார் என்றார். மிதிபட்ட செடிகளுக்கு முட்டுக் கொடுத்து நட்டார், என்னிடம் "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றார்.

அவர் ஏன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தரை ஆடினால் யாரும் மணி பார்த்ததில்லை. அப்பா மேலேதான் இருந்தார்.

---

பழைய_லைன்

நீ புள்ள. புள்ளைக்கு சோத்துல நடுவுல விட்டா நாங்க மன்னிப்புதான் கேப்போம், எந்த வூட்டுப் புள்ளைனாலும். மனசுல வெச்சுக்காத.

---

நைனாவோட_பொண்ணு

கனம் கூடிவிட்டது, கொஞ்சம் வேறு பக்கம் போகலாமா? வெள்ளை மலை பற்றி யாருமே எழுதவில்லையே.

கல்லை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சும் மாவு மண்ணைக் கொட்டிக் கொட்டி 13 மலைகள். மூன்று கோடி டன்னுக்கு மேல் என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பாலைவனம் ஒன்றைக் கொண்டுவந்து ஊர் நடுவில் வைத்த மாதிரி. நாங்கள் தகரத் துண்டின் மேல் உட்கார்ந்து உச்சியிலிருந்து சறுக்குவோம். மழை பெய்தால் அதில் ஓடை ஓடையாக வரி விழும், வெயில் பட்டால் ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகப் பூக்கும். ஆடி மாதக் காற்றில் அந்தத் தூள் பறந்து வந்து சோற்றில் விழும், கொடியில் காயும் துணியில் படியும், கண் எரியும். அம்மா ஈரத்துணியைக் கதவு இடுக்கில் அடைப்பார். அது என்ன மண், அதில் விளையாடலாமா என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இன்று என் பிள்ளை அதில் கால் வைத்தால் கத்திவிடுவேன். ஆனால் அந்தச் சறுக்கல் மாதிரி ஒரு சந்தோஷம் அதற்கப்புறம் கிடைக்கவே இல்லை. இரண்டும் நிஜம்.

---

கோரமண்டல்_கோபி

நம்ம பேச்சையும் சேர்த்துக்கோங்க. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், சந்தையில் தெலுங்கு, தாலுகா ஆபீஸில் கன்னடம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஒரே பேரத்தில் நாலு பாஷையும் வந்து போகும். ராகிக் களியும் உப்புக்கண்டக் குழம்பும் எங்க வீட்டு ஞாயிற்றுக்கிழமை. உப்புக்கண்டம் கொடியில் தொங்கும், காக்கா ஓட்டறது என் வேலை.

அப்புறம் ஒன்று கேட்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். உங்களில் யாராவது அங்கிருந்த காலத்தில் தங்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கீங்களா? வெளியூரில் எல்லாரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி அதுதான். 120 வருஷத்தில் 800 டன் தங்கம் போன ஊர். என் அம்மா காதில் இருந்தது கவரிங்.

---

பழைய_லைன்

பாத்ததில்ல. கல்லுதான் பாத்தோம். டன்னு கல்லுல சில கிராம்தான் இருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. மேல வரும்போது ஒடம்பு முச்சூடும் தடவிப் பாத்துதான் வெளிய விடுவாங்க.

---

நைனாவோட_பொண்ணு

தங்கம் இல்லை, ஆனால் வேறொன்று சொல்கிறேன். என் பெரியப்பா சாம்பியன் ரீஃபில் இருந்தார். "கீழ ஒரு குகைல பம்பாய்க்காரங்களும் ஜப்பான்காரங்களும் பெட்டிகள அடுக்கி வெச்சிகினு ஒக்காந்திருக்காங்க. ஏதோ வானத்துலருந்து வர்றத பிடிக்கிறாங்களாம். வானத்துலருந்து வர்றத பூமிக்கு அடில ஒக்காந்து பிடிக்கிறாங்க பாரு" என்பார். பெரியவர்கள் எல்லாம் சிரிப்பார்களாம். நான் கல்லூரியில் இயற்பியல் எடுத்த பிறகுதான் அது என்ன என்று தெரிந்தது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகத்தில் முதன்முதலாகக் கண்டவர்களில் அவர்களும் உண்டு, 1965-ல், அந்தக் குகையில். மற்ற கதிர்களையெல்லாம் மேலே இருக்கும் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும், அதனால்தான் ஆழத்துக்குப் போனார்கள். பெரியப்பா இறந்த பிறகு தெரிந்ததுதான் எனக்கு வருத்தம். அவரிடம் போய், "நீங்க சொன்னது சரிதான் பெரியப்பா, வானத்திலிருந்து வந்ததைத்தான் பிடித்தார்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

என் நைனாவும் போய்விட்டார். நெஞ்சில் கல்தூசி. கடைசி இரண்டு வருஷம் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். அந்த இருமலை லைன்காரர்கள் யாரும் விளக்கிச் சொல்லாமலே அறிவார்கள்.

---

ஆறுமணி_வண்டி

நான் இப்பவும் இங்கதான் இருக்கேன், ஆண்டர்சன்பேட்டைல. நீங்க எல்லாம் இருந்ததப் பத்தி எழுதறீங்க, நான் இருக்கறதப் பத்தி கொஞ்சம் சொல்றேன்.

விடியறதுக்கு முன்னாடி ஊரே ஸ்டேஷனுக்குப் போகும். மாரிகுப்பத்துல வண்டி கிளம்பும், சாம்பியன், உரிகம், கோரமண்டல்னு ஒவ்வொண்ணுலயும் ஏறுவாங்க. பங்காருபேட்டைக்கு முன்னாடியே நிக்க எடம் இருக்காது. ஒவ்வொரு பெட்டிலயும் ஒரு குடும்பம் மாதிரி ஆயிட்டோம். ஒருத்தர் பூ கட்டுவாங்க, ஒருத்தர் பரீட்சைக்குப் படிப்பாங்க, சீட்டு கட்டறவங்க ஒரு மூல. பெங்களூர் போயி வேல பாத்துட்டு ராத்திரி திரும்பினா மணி ஒம்பது, பத்து. எங்கப்பா பூமிக்குள்ள எறங்கினாரு, நான் வண்டில ஏறறேன். அவரையும் அம்மா இருட்டுலதான் அனுப்புச்சு, என்னையும் இருட்டுலதான் அனுப்புது.

ஷாஃப்டுங்க மேல அந்தச் சக்கரம் இன்னும் நிக்குது, சுத்தறதில்ல. சங்கு நின்ன பிறகு ரொம்ப நாள் வயசானவங்களுக்கு எப்போ சாப்படறது, எப்போ தூங்கறதுன்னே தெரியாம போச்சு.

இன்னொண்ணு. உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. தரை இன்னும் ஆடுது. தண்ணி எறைக்கற பம்பு நின்னதும் சுரங்கம் முழுக்க தண்ணி ஏறிடுச்சு. மழ நல்லா பேஞ்சா உள்ள தண்ணி ஏறி, பாற நகந்து, மேல தூக்கிப் போடுது. பாத்திரம் உருளுது. கீழ ஒருத்தரும் இல்ல இப்போ. ஆனாலும் எதிர் வீட்டுப் பாட்டி வாசல்ல வந்து நிக்கும்.

---

மாரிகுப்பம்_பையன்

ஆறுமணி_வண்டி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார், எவ்வளவு கூப்பிட்டும் வரமாட்டேன் என்கிறார். "அங்கே இன்னும் ஆடுதாமே, நீ சொல்லவே இல்லையே" என்றேன்.

"ஆடுனா என்ன? மணியப் பாப்பேன். அப்புறம் உங்க நைனா இல்லங்கறது நெனப்பு வரும். சரி, இவுரு கீழ இல்லன்னு அடுப்பப் பாக்கப் போயிருவேன்" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நைனா போய்ப் பன்னிரண்டு வருஷம்.

கடிகாரம் பழைய இடத்தில்தான் இருக்கிறதா என்று கேட்டேன். பேட்டரி மாற்ற ஆளில்லை, மூன்று மாதமாக நின்றுகிடக்கிறது என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

---

பழைய_லைன்

உங்க நைனா எந்த ஷாஃப்ட்டு தம்பி? கிஃபோர்டுன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மா கிட்ட கேட்டு எழுது.

---

ஆறுமணி_வண்டி

ஞாயித்துக்கெழம வண்டில கூட்டம் இருக்காது, ஒக்காந்தே வரலாம். சாம்பியன்ல எறங்குனா நான் வந்து நிக்கறேன். வரும்போது பேட்டரி ரெண்டா வாங்கிட்டு வாங்க, எதிர் வீட்டுப் பாட்டியோடதும் நின்னு கெடக்கு.